பள்ளி வருகையும் பஞ்சாயத்தின் கடமையும்

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாளன்று நம் கிராமங்களில் ஒரு திருவிழாக் களை காணப்படுகிறது. ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் கைப்பிடித்து அழைத்து வருகின்றனர். பதிவேட்டில் பெயர்கள் ஏறுகின்றன. அன்று எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு, தம் ஊரில் பள்ளியில் சேராத பிள்ளையே இல்லை என்று பஞ்சாயத்துத் தலைவர்கள் நம்மிடம் பெருமையுடன் கூறுவதுண்டு. அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆயினும் அதே பள்ளிக்குத் தை மாதத்தில், சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும்பொழுது சென்று பார்த்தால், பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் கணக்கு ஒத்து வருவதில்லை. சில பெயர்களுக்கு நேரே வாரக் கணக்கில் வராத குறியே தொடர்ந்து காணப்படுகிறது.

பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருவதைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது, அதனை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு உரியது, அப்பொறுப்பைக் கிராமத்தில் எவ்வாறு நிறைவேற்றலாம் என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கட்டாயக் கல்விச் சட்டம் வந்த வழி

பிள்ளையைப் படிக்க வைப்பதும் வைக்காததும் பெற்றோரின் விருப்பம் என்னும் எண்ணமே உலகில் நெடுங்காலம் நிலவி வந்தது. அந்த எண்ணத்தைச் சட்டத்தால் மாற்ற முற்பட்ட அமெரிக்க மாநிலங்களுள் முதலாவது மாஸசூஸெட்ஸ் ஆகும். 8 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்குக் குறைந்தது 12 வாரம் பள்ளிக்கு வருதல் வேண்டும், அவற்றுள் 6 வாரம் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும் என்று 1852-ஆம் ஆண்டில் அம்மாநிலம் விதித்தது. தவறிய பெற்றோருக்கு 20 டாலர் வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. அந்நாட்டின் ஏனைய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியைப் பின்பற்றின. இறுதியாக 1918-ஆம் ஆண்டில் மிஸிஸிப்பி மாநிலமும் அத்தகைய சட்டத்தை ஏற்றது.

நம் நாட்டில் இத்துறையில் வழிகாட்டியவர் பரோடா சமஸ்தானத்தின் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆவார். அவர் 1893-ஆம் ஆண்டில் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906-ஆம் ஆண்டில் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். அதனைக் கண்ட கோபால கிருஷ்ண கோகலே, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதிகளுக்கும் அத்தகைய சட்டம் வேண்டுமென 1911-ஆம் ஆண்டில் மத்தியச் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். மறு ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர வழி செய்தது.

நாடு விடுதலை பெற்றபின், 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்து ஆண்டுகளுக்குள் முயலுதல் வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு கூறிற்று. அந்தப் பத்து ஆண்டுகள் 1960-இல் முடிந்தன, பணி முடியவில்லை. நம் மாநிலச் சட்டசபை 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதைப் பெற்றோரின் கடமையாக்கிற்று. பின்னர் 2002-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 6 வயது முதல் 14 வயது வரை கல்வி பெறுவதைப் பிள்ளையின் அடிப்படை உரிமையாக உயர்த்தியது. அவ்வுரிமைக்கு உருவம் கொடுத்த கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

கட்டாயம் யாரைச் சாரும்?

பழைய சட்டங்கள் பெரும்பாலும் பெற்றோரை நோக்கியே விரல் நீட்டின. 2009-ஆம் ஆண்டுச் சட்டமோ ‘கட்டாயம்’ என்னும் சொல்லுக்கு வேறு பொருள் கூறுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியில் சேர்வதையும், தவறாது வருவதையும், எட்டாம் வகுப்புவரை படித்து முடிப்பதையும் உறுதி செய்தல் அரசாங்கத்தின் கடமை என்று அதன் 8-ஆவது பிரிவு விதிக்கிறது. 9-ஆவது பிரிவு இதே கடமையை உள்ளாட்சி அமைப்பின் மீதும் சுமத்துகிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் அது பதிவேடு வைத்திருத்தல் வேண்டும். அவர்கள் சேர்வதையும் வருவதையும் முடிப்பதையும் கண்காணித்தல் வேண்டும். பிழைப்புக்காக இடம் பெயர்ந்து வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்தல் வேண்டும்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆவது பிரிவு கூறுவது உண்மையே. ஆனால் தவறிய பெற்றோருக்கு அபராதம் என்றோ சிறை என்றோ இச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை தொடர்ந்து வராவிடில் முதலில் விடை கூற வேண்டியவர்கள் அரசாங்க அலுவலர்களாகிய நாமும், பள்ளியும், பஞ்சாயத்துமே ஆவோம்.

நாம் கற்ற பாடம்

இதனை நாம் ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குப் பின், நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டு, ஆசிரியரை உடன் அழைத்துக்கொண்டு அவள் வீட்டிற்குச் சென்றோம். தகப்பனார் திண்ணையில் இருந்தார். பிள்ளையை அனுப்பாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும், அபராதம் கட்ட நேரிடும் என்று அவரிடம் சற்றுக் கடுமையாகவே கூறினோம். “சரிங்க ஐயா” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. கடமையைச் செய்துவிட்டதாக எண்ணித் திரும்பினோம்.

அடுத்த வாரம் ஆசிரியர் சென்று பார்த்தபொழுது வீடு பூட்டியிருந்தது. அக்குடும்பம் செங்கற்சூளை வேலைக்கு முன்பணம் வாங்கியிருந்ததாகவும், பொங்கல் கழிந்து செல்ல இருந்தவர்கள் வழக்கு வந்துவிடும் என்று அஞ்சி முன்னதாகவே புறப்பட்டுவிட்டதாகவும் பக்கத்து வீட்டார் கூறினர். எந்த ஊர்ச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் மூன்று வயதுத் தம்பி ஒருவன் இருந்ததையும், தாயார் கூலி வேலைக்குச் சென்றதால் அவனைப் பார்த்துக்கொள்ளவே அச்சிறுமி வீட்டில் நின்றாள் என்பதையும் அப்பொழுதுதான் அறிந்தோம். அதே தெருவின் கோடியில் அங்கன்வாடி இருந்தது. தம்பியை அங்கே சேர்த்திருந்தால் அக்காள் பள்ளிக்கு வந்திருப்பாள். சூளைக்குப் புறப்படும் செய்தியையும் நாம் முன்னரே அறிந்து, அவள் செல்லும் ஊர்ப் பள்ளியில் சேர ஏற்பாடு செய்திருக்கலாம்.

பிள்ளை ஏன் வரவில்லை என்னும் ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. கையில் வைத்திருந்த சட்டத்தில் இல்லாத அபராதத்தைக் கூறி அச்சுறுத்தினோம். அந்த ஆண்டு முடியும்வரை அச்சிறுமியின் பெயர் பதிவேட்டில் இருந்தது; அவள் வரவில்லை. அன்று முதல், வராத பிள்ளையின் வீட்டு வாசலில் நாம் முதலில் வைப்பது கேள்வியே, எச்சரிக்கை அன்று.

வருகைப் பதிவேடு கூறும் செய்தி

ஏன் வரவில்லை என்னும் கேள்விக்குப் பாதி விடை பள்ளியின் வருகைப் பதிவேட்டிலேயே உள்ளது. மழைமானியின் கணக்கைப் பார்த்து நீர்நிலையை மதிப்பிடும் விவசாயிக்கு, இந்தப் பதிவேட்டைப் படிப்பதும் கடினமன்று. வாரத்தில் ஒரே கிழமையில் பல பிள்ளைகள் வராதிருப்பின், அது அநேகமாகச் சந்தை நாளாக இருக்கும். முற்பகலில் மட்டும் சிலர் தாமதித்து வருவாராயின், அவர்கள் விடியற்காலையில் பூப்பறிக்கச் சென்றவர்களாக இருக்கலாம். அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் நின்றிருப்பின் வீட்டில் நோயோ, வேறு இடரோ இருக்கும். நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய பருவங்களில் பலர் ஒருசேர நிற்பின், காரணம் வயலில் இருக்கிறது. பெரிய பெண்பிள்ளைகள் மட்டும் மாதத்தில் சில நாள் தவறாது நிற்பாராயின், பள்ளியின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட குடியிருப்பின் பிள்ளைகள் மழைக்காலத்தில் மட்டும் வாராவிடில், நடுவே உள்ள ஓடையே குற்றவாளி. ஒரே வகுப்பில் மட்டும் வருகை குறையின், அவ்வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

இவற்றுள் பலவற்றைத் தீர்க்கும் ஆற்றல் பஞ்சாயத்தின் கையிலேயே உள்ளது. கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றுவதும், ஓடைக்குச் சிறு பாலம் போடத் தீர்மானம் இயற்றுவதும், அங்கன்வாடி ஒழுங்காக நடப்பதைக் கவனிப்பதும் பஞ்சாயத்து செய்யக் கூடாத காரியங்கள் அல்ல.

ஒரு நாள் போனால் என்ன என்று கேட்கும் பெற்றோர் உளர். அவர்களுக்கு ஒரு கணக்குக் கூறலாம். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாளும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாளும் பள்ளி நடைபெறுதல் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. வாரத்திற்கு ஐந்து பள்ளி நாட்களுள் ஒரு நாள் நிற்கும் பிள்ளை, முதல் ஐந்து வகுப்புகளில் ஆண்டுக்கு 40 நாள் வீதம் 200 நாளையும், அடுத்த மூன்று வகுப்புகளில் ஆண்டுக்கு 44 நாள் வீதம் 132 நாளையும் இழக்கிறது. மொத்தம் 332 நாள். அஃதாவது ஒன்றரை ஆண்டுப் படிப்பு. முறைப்பாசனத்தில் ஐந்து முறைக்கு ஒரு முறை தண்ணீர் பாயாத வயல் எவ்வாறு விளையும் என்பதை விவசாயிகளுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

வயல் வேலையும் சட்டமும்

பிள்ளைகள் வயலில் உதவுவது குற்றமா என்று விவசாயிகள் அடிக்கடி நம்மிடம் வினவுகின்றனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்துதல் கூடாது. மீறி அமர்த்துவோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கூலிக்கு ஆள் வைக்கும் விவசாயி, தாயுடன் வந்த சிறுமிக்கும் அரைக் கூலி கொடுத்துக் களையெடுக்கச் சொன்னால் இச்சட்டத்திற்கு உட்படுவார்.

தன் சொந்தக் குடும்பத்திற்கு ஆபத்தில்லாத வேலையில் பிள்ளை உதவுவதற்கு விலக்கு உண்டு. அதுவும் பள்ளி நேரம் முடிந்த பின்னரும் விடுமுறை நாட்களிலுமே செல்லும். மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. பள்ளி நேரத்தில் ஆடு மேய்க்க நிறுத்துவதைத் தடுக்கிறது.

பிள்ளைக்கு உள்ள பாதுகாப்புகள்

நீண்ட நாள் நின்றுவிட்ட பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளிக்குத் திரும்பத் தயங்குவது இயல்பு. அவர்களிடம் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்திகள் சில உள்ளன. பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கு உரிய வகுப்பிலேயே சேர்த்து, பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப் பயிற்சி அளித்தல் வேண்டும். வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது என்றோ திருப்பி அனுப்புதல் கூடாது. வேறு ஊருக்குச் செல்லும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் உடனே தருதல் வேண்டும்; சான்றிதழ் வரத் தாமதமாயினும் புதிய பள்ளி சேர்க்கையை மறுத்தல் ஆகாது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்குதல் கூடாது.

அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைச் சிலர் பள்ளிக்கும் பொருத்துவர். அடியும் மன வேதனை தரும் நடத்தையும் சட்டத்தின் 17-ஆவது பிரிவால் தடுக்கப்பட்டுள்ளன. பள்ளிக்கு மட்டம் போடும் சிறுவனைப் பிடித்து வந்து எல்லோர் முன்னிலையிலும் முட்டி போட வைத்தால், மறுநாள் அவன் இன்னும் தொலைவில் ஒளிந்து கொள்வான் என்பது அனுபவம் உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கு இழுக்கும் வழிகளுள் நம் மாநிலம் நன்கு கண்டறிந்தது உணவாகும். காமராஜர் முதலமைச்சராக இருந்தபொழுது 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-ஆம் ஆண்டில் விரிவடைந்த சத்துணவுத் திட்டமும், 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அபராதத்தால் ஆகாததை அன்பால் செய்ய முற்பட்டவை. உலை வைக்காத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சோறு ஒரு பாடத்திற்குச் சமம். அது நேரத்திலும் தரத்திலும் குறையாதிருப்பதைப் பார்த்துக்கொள்வதும் வருகையைக் காப்பதே ஆகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆண்டுதோறும் மே மாதத்தில் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளின் பட்டியலைச் சரிபார்த்தல் வேண்டும். ஊர்க்கோடிக் குடிசைகள், செங்கற்சூளைகள், கிடை போட்டிருக்கும் கீதாரிகளின் கூடாரங்கள் ஆகியவற்றை விட்டுவிடுதல் கூடாது. நடக்கவோ பேசவோ இயலாத பிள்ளைகளின் பெயர்களும் அதில் இடம் பெறுதல் வேண்டும். அவர்களுக்கும் இவ்வுரிமை உண்டு.

இரண்டாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவைப் பயன்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். இதன் அங்கத்தினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. குழு கூடும்பொழுதெல்லாம் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அடிக்கடி நிற்கும் பிள்ளைகள் யாவர், காரணம் என்ன, யார் சென்று பார்ப்பது என்று முடிவு செய்தல் வேண்டும். வீட்டிற்குச் செல்பவர் அக்குடும்பத்திற்கு வேண்டியவராக, கூடுமாயின் ஒரு தாயாக, இருத்தல் நலம்.

மூன்றாவதாக, கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் செல்லும் குடும்பங்களின் விவரத்தை அவை புறப்படுவதற்கு முன்பே அறிந்து குறித்தல் வேண்டும். உள்ளூரில் உறவினர் வீட்டிலோ, விடுதியிலோ பிள்ளை தங்கிப் படிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். இயலாவிடில், மாற்றுச் சான்றிதழுடன் அனுப்பி, செல்லும் ஊரின் பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கும் தெரிவித்தல் வேண்டும். அதே போல் நம் ஊருக்கு வரும் பிள்ளைகளை நாம் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

நான்காவதாக, கிராம சபையில் பள்ளி வருகையை ஒரு பொருளாக வைத்து விவாதித்தல் வேண்டும். அங்கே எண்ணிக்கையையும் காரணங்களையும் மட்டும் கூறுவது போதும். ஒரு குடும்பத்தின் வறுமையையோ, ஒரு பிள்ளையின் பெயரையோ சபையில் படித்து நாணச் செய்தல் தகாது.

ஐந்தாவதாக, முறையீடுகளுக்கு விடை கூறுதல் வேண்டும். பிள்ளையின் உரிமை பறிக்கப்பட்டதாக எவரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதங்களுக்குள் முடிவு கூறுதல் வேண்டும் என்பது சட்டத்தின் 32-ஆவது பிரிவு. பிள்ளை கொத்தடிமையாகவோ கொடுமைக்கு ஆளாகியோ இருப்பின் காத்திராமல் 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

பதினான்கு வயதுக்குப் பின்

இச்சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதன் காவல் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அவ்வயதில் எட்டாம் வகுப்பை முடிக்காதவர் அதனை முடிக்கும்வரை இலவசமாகத் தொடரலாம். ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் பிள்ளையைக் கேட்கச் சட்டத்தில் வலுவான கை இல்லை. பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சு எழுவதும், ஆண்பிள்ளைகள் கட்டட வேலைக்கும் ஆலைக்கும் அழைக்கப்படுவதும் இந்த வயதில்தான். பெண்ணுக்கு 18 வயது நிறையுமுன் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனினும், சட்டம் வந்து தடுக்கும் நிலைக்கு விடாமல், அப்பெண் பள்ளிக்கு வருவதைக் காப்பாற்றுவதே மேலான காவல். ஆகவே பஞ்சாயத்தின் பட்டியல் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடாமல் பன்னிரண்டாம் வகுப்புவரை நீள்வது விரும்பத்தக்கது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பதை நம் விவசாயிகள் வழிவழியாக அறிவர். பட்டம் தவறிய நிலத்திற்கு அடுத்த ஆண்டு மற்றொரு பட்டம் உண்டு. பிள்ளையின் பதினொன்றாம் வயது மீண்டும் வருவதில்லை. பூட்டிய அந்த வீட்டின் முன் நின்ற ஆசிரியர் நம்மிடம் வந்து செய்தி கூறிய நாளை நாம் மறக்கவில்லை. இதைப் படிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்வாரத்தில் ஒரு நாள் தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. அதில் வராத குறி தொடர்ந்து காணப்படும் ஒரு பெயரையேனும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்று, பிள்ளை ஏன் வரவில்லை என்று அன்புடன் கேட்பார்களாக. சட்டம் பஞ்சாயத்திடம் எதிர்பார்க்கும் பணி அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.